ரிப்பனை நான் கவனிக்கவே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘புயெல்லா மாகி மடோகா மாஜிகா’ என்ற அனிமேயின், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரின், முடிவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அதுவும் ஒளிவுமறைவு இல்லாமல். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது. மொத்தமே 12 எபிசோடு. ஒவ்வொன்றும் 24 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் அந்த முடிவு என்னைவிட்டுப் போக எவ்வளவு நாளாகும் என்று அப்போது தெரியவில்லை. ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு ஏழு வருஷம் ஆனது.

நான் செய்த முதல் முட்டாள்தனத்திலிருந்து தொடங்குகிறேன். அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது. விடுமுறைக்கு என்னோடு இருந்தாள். “சித்தி, ஏதாவது கார்ட்டூன் போடுங்க” என்றாள். தேடினேன். ரோஜா நிற முடியோடு ஒரு சிறுமி, உருண்டைக் கன்னம், கவுனில் சுருக்கம் சுருக்கமாக லேஸ், தோளில் பூனைபோல ஒரு வெள்ளைப் பிராணி. சைலர் மூன் வழியில் வந்த மந்திரச் சிறுமிக் கதை ஏதோ என்று நினைத்துப் போட்டுவிட்டேன். வயது வரம்பைப் பார்க்கவில்லை. விமரிசனம் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

முதல் இரண்டு எபிசோடும் குறையில்லாமல் போனது. மூன்றாவதில் மாமி என்ற பெண் வருகிறாளே, பொன்னிற முடியை இரண்டு பக்கமும் சுருட்டிவிட்டவள், இவ்வளவு நாள் தனியாகப் போராடியவள், “இனி நான் தனி ஆள் இல்லை” என்ற சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு சண்டைக்குப் போகிறாள். எதிரே இருப்பது பொம்மை மாதிரி ஒரு சூனியக்காரி. மாமி அதைச் சுட்டு வீழ்த்திவிட்டாள் என்றே நினைக்கிறோம். அடுத்த நொடி பொம்மையின் வாயிலிருந்து பெரிய புழுபோல ஒன்று நீண்டு வருகிறது. மாமியின் தலை போய்விடுகிறது.

பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “சித்தி, அவங்க திரும்பி வருவாங்கல்ல?” நான் “வருவாங்கடா” என்று சொல்லி அணைத்துவிட்டேன். பொய். அந்தக் கதையில் அவள் திரும்பி வருவதற்கு என்ன விலை என்பது எனக்கே அப்போது தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வாரம் விளக்கை அணைக்க விடாமல் தூங்கினாள். அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்: “பத்து வயசுப் பிள்ளைக்கு எதைப் போட்டுக் காட்டுறோம்னு ஒரு தடவை பார்க்க மாட்டியா நீ?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, ஏமாந்தது நான் மட்டும் இல்லை. படைத்தவர்களே அப்படி ஏமாற வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். கதாபாத்திரங்களை வரைந்த அவோகி உமே, ‘ஹிதமாரி ஸ்கெட்ச்’ என்ற மென்மையான, யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத மாங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, எழுதியவர். அதை அனிமேயாக எடுத்ததும் இதே ஷாஃப்ட் ஸ்டுடியோ, இதே இயக்குநர் ஷின்போ அகியுகிதான். அந்தப் பஞ்சுமிட்டாய் முகங்களைக் கதை எழுதச் சொல்லி உரோபுச்சி கென் கையில் கொடுத்தார்கள். அவர் இருண்ட கதைகளுக்குப் பேர் போனவர், ‘ஃபேட் ஸீரோ’ நாவலை எழுதியவர். படத்தைப் பார்த்து வயதை முடிவு செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது. அன்றிலிருந்து எந்த அனிமேயாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போடும் முன் மூன்று எபிசோடு நான் தனியாகப் பார்த்துவிடுகிறேன். ஏன் மூன்று என்று கேட்டால், பெரும்பாலான தொடர்கள் தங்கள் நிஜ முகத்தை அதற்குள் காட்டிவிடும்.

மீதியை நான் தனியாகப் பார்த்தேன். அங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம்.

பார்த்து நாளானவர்களுக்குக் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். கியூபே என்ற அந்த வெள்ளைப் பிராணி சிறுமிகளிடம் வந்து ஒப்பந்தம் பேசும். எந்த ஆசையானாலும் ஒன்று கேள், நிறைவேற்றுகிறேன், பதிலுக்கு நீ மந்திரச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு போராட வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். உயிர் உடம்பில் இல்லை, கையில் இருக்கும் கல்லுக்குள் இருக்கிறது. மனம் நொந்தால் கல் கறுக்கும். முழுக்கக் கறுத்துவிட்டால் அந்தச் சிறுமியே சூனியக்காரி ஆகிவிடுவாள். இதுவரை அவர்கள் கொன்றவை எல்லாம் ஒரு காலத்தில் சிறுமிகள். ஜப்பானிய மொழியில் ‘ஷோஜோ’ என்றால் சிறுமி, ‘மாஜோ’ என்றால் சூனியக்காரி. மாஜோ ஆகப் போகிறவளை ‘மாஹோ ஷோஜோ’ என்று அழைப்பதுதானே பொருத்தம் என்று கியூபே எட்டாவது எபிசோடின் கடைசியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும். நம்பிக்கை விரக்தியாக மாறும் அந்தக் கணத்தில் கிடைக்கும் ஆற்றலை வைத்துப் பிரபஞ்சத்தைக் குளிர்ந்து சாகாமல் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. கியூபேயைப் பலரும் வில்லன் என்பார்கள். எனக்கு அது கடன் பத்திரத்தை நீட்டும் ஆளைத்தான் நினைவுபடுத்துகிறது. பொய் சொல்வதே இல்லை. கேட்காததைச் சொல்வதும் இல்லை.

இதை நான் ஒரே இரவில், அதுவும் மறுநாள் வேலைநாளாக இருக்கும்போது, ஒன்பது எபிசோடு தொடர்ந்து பார்த்தேன். மடோகாவின் தோழி சயாகா, தான் விரும்பும் பையனின் கை குணமாக வேண்டும் என்று ஆசை கேட்டு, கை குணமாகி, அவன் வேறொருத்தி பக்கம் போய், வலியே தெரியாதபடி உடம்பை மரத்துப் போகச் செய்துகொண்டு வாளை வீசுகிறாளே, அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பத்தாவது எபிசோடில் ஹோமுராவின் ரகசியம் வருகிறது. முதலிலிருந்தே முகத்தில் சலனமே இல்லாமல் திரியும் அந்தக் கறுப்புமுடிக்காரி, மடோகாவை, அதாவது அந்த ரோஜா நிற முடிக்காரியை, காப்பாற்றுவதற்காக ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தோற்கிறாள். அந்த எபிசோடின் இறுதியில் ஓப்பனிங் பாட்டு ஒலிக்கும்போதுதான் உறைக்கிறது, ஒன்பது எபிசோடாக மடோகாவின் பாட்டு என்று நினைத்தது ஹோமுரா சத்தியம் செய்யும் பாட்டு என்று. நானோ ஓப்பனிங்கை ஒவ்வொரு முறையும் ஸ்கிப் பண்ணிக்கொண்டு வந்தவள். பாதி தாக்கம் அங்கேயே போச்சு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் ஜப்பானில் இந்தத் தொடர் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. மேற்கு ஜப்பானின் கன்சாய் பகுதியில் பத்தாவது எபிசோடு ஒளிபரப்பானது மார்ச் 11 அதிகாலை. அன்று பிற்பகல் 2:46 மணிக்குத்தான் வடகிழக்கு ஜப்பானில் அந்தப் பெரிய நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து சுனாமியும். கடைசி இரண்டு எபிசோடும் நின்றுபோயின. ஏப்ரல் 22 அதிகாலையில்தான் இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். 42 நாள். ஹோமுராவின் ரகசியத்தோடு 42 நாள் காத்திருந்துவிட்டு அவர்கள் பார்த்த பதினோராவது எபிசோடில் என்ன இருந்தது தெரியுமா? புயல் வருகிறது என்று ஊர் மக்கள் எல்லோரையும் ஒரு முகாமில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பார்கள். வெளியே கட்டடங்கள் பிய்ந்து பறந்துகொண்டிருக்கும்.

எனக்கு அந்த இடைவெளி ஐந்து விநாடி. ‘அடுத்த எபிசோடு தொடங்குகிறது’ என்று ஒரு வட்டம் சுற்றும், அவ்வளவுதான்.

முடிவு இதுதான். மடோகா கடைசியில் ஒப்பந்தம் போடுகிறாள். அவள் கேட்கும் ஆசை: எல்லாப் பிரபஞ்சத்திலும், கடந்த காலத்திலும் எதிர்காலத்திலும், சூனியக்காரிகள் பிறக்கும் முன்பே அவர்களைத் தன் கையாலேயே இல்லாமல் ஆக்க வேண்டும். வில்லை வளைத்து வானத்துக்கு விட்ட அம்பு ஆயிரமாகப் பிரிந்து, வரலாறு முழுக்க விரக்தியில் சாகக் கிடந்த ஒவ்வொரு சிறுமியிடமும் போகிறது. மடோகா அவர்கள் கல்லில் படிந்த கறுப்பைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறாள். அவர்கள் சாகத்தான் செய்கிறார்கள், ஆனால் சூனியக்காரி ஆவதில்லை. மடோகா மனுஷியாக இருந்த தடமே உலகத்திலிருந்து போய்விடுகிறது. அவள் ஒரு விதி ஆகிவிடுகிறாள். அம்மாவுக்கு மகள் இல்லை, தம்பிக்கு அக்கா இல்லை. ஹோமுரா ஒருத்திக்கு மட்டும் நினைவிருக்கிறது, கையில் மடோகாவின் சிவப்பு ரிப்பனோடு.

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன், ஹோமுராவுக்காக. எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் லேப்டாப்பை மூடிவிட்டேன். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இன்னொரு காட்சி இருக்கிறது என்று தெரியாது. பாலைவனத்தில் ஹோமுரா தனியாக நடந்துபோவாள், முதுகில் கறுப்புச் சிறகு விரியும். அதைப் பார்க்காமலேதான் “நான் மடோகா பார்த்து முடித்துவிட்டேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்ததும் தூங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூடிய லேப்டாப்பைத் திறந்து விளக்கம் தேட ஆரம்பித்தேன். சூனியக்காரிகளின் மாயவெளியில் தெரியும் கிறுக்கல்கள் வெறும் கிறுக்கல் இல்லை, ஒழுங்கான எழுத்துமுறை, ரசிகர்கள் அதை உடைத்துப் படித்திருக்கிறார்கள். கோதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடக வரிகள்கூட ஜெர்மன் மொழியில் அங்கங்கே ஒளிந்திருக்கின்றன. வால்புர்கிஸ் இரவு, கிரெட்சென் என்று தொடரில் வரும் சூனியக்காரிகளின் பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான். படிக்கப் படிக்கச் சுவாரசியம். அதிகாலை மூன்றரைக்கு எனக்கு ‘ஃபாஸ்ட்’ பற்றி நிறையத் தெரிந்திருந்தது. அழுகை நின்றிருந்தது. துக்க வீட்டில் ரேடியோ போட்ட மாதிரி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அறிவாளித்தனமாக இருந்தது.

அதோடு விட்டேனா? மறுநாள் மாலையே 2013-இல் வந்த ‘ரெபெல்லியன்’ படத்தையும் போட்டுவிட்டேன். 2012-இல் வந்த முதல் இரண்டு படங்களும் தொடரையே சுருக்கியவை, இது மட்டும் புதுக்கதை. அந்தப் படத்தில் ஹோமுரா என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். தொடரின் முடிவை அது பிடித்துத் திருப்புகிறது. நல்ல படம்தான். ஆனால் இருபது மணி நேரத்துக்கு முன்னால் கிடைத்த முடிவு இன்னும் உள்ளே இறங்கவே இல்லை, அதற்குள் மேலே இன்னொன்றைக் கொட்டிவிட்டேன். அப்புறம் எவ்வளவு யோசித்தாலும் 12-வது எபிசோடை மட்டும் தனியாக நினைக்க முடியவில்லை. ஈரச் சுவரில் அடுத்த பூச்சு அடித்த மாதிரி இரண்டும் கலந்துவிட்டது.

ஒரு வாரம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தேன். சோகம் என்றுகூடச் சொல்ல முடியாது, எதிலும் ஒட்டாத தன்மை. வேறு அனிமே போட்டால் பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவேன். இருண்ட தொடர் முடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அப்போது எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. கஜியுரா யுகியின் பின்னணி இசையை மட்டும், காட்சி இல்லாமல், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். இசை கதையை விளக்காது, வாதம் பண்ணாது. மெதுவாக வடிய விடும்.

உதவாதது, ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரோடு சண்டை போட்டது. மடோகாவின் ஆசை சரியா, தற்கொலைக்குச் சமமா, ஹோமுராவின் அன்பு அன்பா, பிடிவாதமா. எல்லோரும் புத்திசாலிகள். எல்லோரும் என் கண்ணீரில் ஒரு தர்க்கப் பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

அப்படியே ஏழு வருஷம் போயிற்று. போன விடுமுறையில் அக்கா மகள் வந்தாள், இப்போது பதினேழு வயது, என்னைவிட உயரம். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, “சித்தி, அந்தத் தலை போன கதையை முடிச்சிரலாமா?” என்றாள். நான் முதலில் அக்காவுக்குத்தான் போன் பண்ணினேன். ஒரு முறை வாங்கியது போதும். அக்கா சிரித்தாள். “இப்ப நீ பயப்படாம இருந்தா சரி.”

இந்த முறை ஒழுங்காகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு, பகலில். போன் பக்கத்து அறையில். ஓப்பனிங்கை ஸ்கிப் பண்ணக் கூடாது. எபிசோடு முடிந்து எழுத்துகள் ஓடி முடியும்வரை ரிமோட்டைத் தொடக் கூடாது, அடுத்ததுக்குத் தானாகத் தாவும் வசதியை அமைப்புகளில் போய் நிறுத்திவிட்டேன். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். முடிவுக்குப் பிறகு வரும் அந்த ஒன்றரை நிமிஷ அமைதியும் கதையோடு சேர்ந்ததுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது எபிசோடில் அவள் கண்ணை மூடவில்லை. காட்சி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “வருவாங்கன்னு சொன்னீங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் ஏழு வருஷமாக வைத்திருந்திருக்கிறாள்.

எட்டாவதில், ரயில் நிலைய நாற்காலியில் சயாகா உட்கார்ந்து, தான் எவ்வளவு முட்டாள் என்று சொல்லிக் கண்ணீர் விடும் இடத்தில், “போதும் சித்தி” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வயதில் சயாகா மாதிரி தன்னைத்தானே வெறுப்பது எப்படி இருக்கும் என்று நமக்கும் ஞாபகம் இருக்கத்தானே செய்கிறது. நான்கு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் அவளாகவே வந்து, “யாரோ என் டைரியைப் படிச்ச மாதிரி இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம், அனிமேயைப் பற்றி இல்லை. அதை இங்கே எழுத முடியாது. ஆனால் தானாகத் தாவும் அந்த வட்டம் சுற்றியிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது என்று மட்டும் தெரியும். பதின்வயதுப் பிள்ளையோடு இருண்ட தொடர் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: நிறுத்தும் உரிமையை அவர்கள் கையில் கொடுங்கள், நிறுத்தினால் காரணம் கேட்காதீர்கள்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். அவை பிரிக்கக் கூடாதவை. முகாம் காட்சியில் மடோகா எழுந்து வெளியே போகப் பார்க்கிறாள். அம்மா ஜுன்கோ படிக்கட்டில் வழிமறிக்கிறாள். எங்கே போகிறாய், தோழிக்கு ஆபத்தென்றால் தீயணைப்புப் படை பார்த்துக்கொள்ளும் என்கிறாள். நான்தான் போக வேண்டும் என்கிறாள் மகள். பளார் என்று ஒரு அறை. அப்புறம், சரி, அப்படியென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்கிறாள். அதற்கும் மகள் மறுக்கிறாள். கடைசியில் அம்மா, யாரோ சொன்ன பொய்யில் மயங்கிப் போகவில்லையே என்று ஒரே ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, முதுகில் தட்டி அனுப்புகிறாள். முதல் முறை இந்தக் காட்சியை அடுத்த சண்டைக்கு முன்னால் வரும் தாமதமாகத்தான் பார்த்திருந்தேன். இந்த முறை, மகளைத் தானே கதவைத் திறந்து அனுப்பிய ஒருத்திக்கு மகள் இருந்ததே நினைவில்லாமல் போகப் போகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தேன்.

முடிவில் அக்கா மகள் அழவில்லை. கோபப்பட்டாள். “சூனியக்காரியை மட்டும் எதுக்கு அழிக்கணும்? அவங்க எல்லாரும் ஆசைப்பட்டதையே இல்லாம ஆக்கியிருந்தா யாரும் செத்திருக்க மாட்டாங்களே.” நல்ல கேள்வி. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கதை சொல்லிவிட்டது. மடோகா சயாகாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் அந்தப் பையன் வயலின் வாசிக்கிறான். சயாகாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தக் கை குணமாகியிருக்கக் கூடாது, இந்த வாசிப்பும் இருந்திருக்காது. சயாகாவே, இது இருக்கட்டும், நான் போகிறேன் என்று சொல்லிவிடுகிறாள். அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. ஒப்புக்கொண்டாளா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் அந்த ஆற்றங்கரை. மாறிப்போன உலகத்தில், மடோகாவின் தம்பி தத்சுயா குச்சியால் மண்ணில் ஒரு முகம் வரைகிறான். “மடோகா” என்கிறான். ஹோமுரா அவன் பக்கத்தில் குந்தி, அச்சு அசல் அப்படியே இருக்கிறது என்கிறாள். குழந்தை கையை நீட்டி அவள் தலை ரிப்பனைப் பிடிக்கப் பார்க்கிறான். அம்மா வந்து மன்னிப்புக் கேட்கிறாள். இவன் கற்பனையாக ஒரு தோழியோடு விளையாடுகிறான் போல, ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் எங்கோ பழகிய மாதிரி இருக்கிறது என்கிறாள். ரிப்பன் ரொம்ப அழகு, எனக்கே பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். உங்களுக்குத் தரட்டுமா என்று ஹோமுரா கேட்க, இந்த வயதில் எனக்குப் பொருந்தாது என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இப்படி ஒன்றைக் கட்டிவிட்டிருப்பேனோ என்று தோன்றுகிறது என்கிறாள்.

“சித்தி, நிறுத்துங்க. முதல் எபிசோடைப் போடுங்க.”

“இது முடியட்டும், ரூல் இருக்குல்ல.”

முடிந்தது. பாலைவனமும் வந்தது, கறுப்புச் சிறகும் வந்தது, ஏழு வருஷம் தாமதமாக நானும் அதைப் பார்த்தேன். பிறகு முதல் எபிசோடைப் போட்டேன். தொடங்கிச் சில நிமிடங்களில் வருகிறது. காலை நேரம், குளியலறைக் கண்ணாடி முன்னால் அம்மாவும் மகளும் பல் தேய்த்துத் தயாராகிறார்கள். மடோகா இரண்டு ரிப்பன்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, எது என்று கேட்கிறாள். அம்மா யோசிக்கக்கூட இல்லை, சிவப்பைக் காட்டுகிறாள். ரொம்பப் பளிச்சென்று இல்லையா என்று மகள் கூச்சப்படுகிறாள். அது சரியாகத்தான் இருக்கும் என்கிறாள் அம்மா. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஓர் அம்மா பத்து விநாடியில் எடுக்கும் முடிவு. அந்த ரிப்பன்தான் பிரபஞ்சம் அழிந்து மறுபடி உருவான பிறகும் மிச்சமிருக்கிறது. ஹோமுராவின் தலையில் பார்த்து, யாருடையது என்று தெரியாமலே, அந்த அம்மாவுக்கு மறுபடியும் அதே ரிப்பன் பிடித்துப்போகிறது.

நான் இதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு எழுத்துமுறை, ஒரு ஜெர்மன் நாடகம், முந்நூறு கமெண்ட் என்று படித்தவள், இதைப் பார்க்கவில்லை.

அக்கா மகள் சொன்னாள்: “ஹோமுராவுக்காவது அழறதுக்கு ஒரு பேரு இருக்கு சித்தி. அந்த அம்மாவுக்கு அதுகூட இல்ல.”

அதற்குப் பிறகு இருண்ட தொடர்களின் முடிவை நான் பார்க்கும் விதமே கொஞ்சம் மாறிவிட்டது. முன்பெல்லாம் யார் ஜெயித்தது, நியாயமா, லாஜிக் இடிக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது, கடைசியில் யாருக்கு நினைவிருக்கிறது, கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறேன். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2013-இல் தொடங்கி 2023 நவம்பரில் முடிந்தபோது முடிவைப் பற்றி நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அதில் பல இடத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு மரத்தடியும் அதன் நாயகி மிகாசாவின் கழுத்துத் துணியும் எனக்குப் போதுமானதாக இருந்தன. 2008-இல் முடிந்த ‘கோட் கியாஸ்’ இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். அங்கே உலகம் முழுக்க நாயகனை நினைவு வைத்திருக்கிறது, ஆனால் தப்பாக. உண்மை தெரிந்தவர்கள் சிலர், அவர்கள் வாயைத் திறக்க முடியாது. எது கொடுமை என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை.

யாருக்காவது மடோகாவைப் பரிந்துரைக்கும்போது இப்போது நான்கைந்து வாக்கியத்துக்கு மேல் சொல்வதில்லை. குழந்தைகளுக்கானது இல்லை. சாவு உண்டு, தன்னைத்தானே வெறுக்கும் ஒரு பெண் உண்டு, இப்போது மனசு சரியில்லை என்றால் தள்ளிப்போடு. மூன்றாவது எபிசோடு வரை பார்த்துவிட்டு முடிவு செய். ஓப்பனிங்கை ஸ்கிப் பண்ணாதே. முடித்ததும் எனக்குச் சொல், வேறெங்கும் போகாதே. “ட்விஸ்ட் இருக்கு” என்று மட்டும் சொல்வதே இல்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் கதையைப் பார்க்காமல் ட்விஸ்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், குளியலறைக் காட்சி வரும்போது போனை எடுத்துவிடுவார்கள்.

படத்தைப் பற்றி அக்கா மகளிடம் சொன்னேன். தொடர்ச்சி ஒன்று இருக்கிறது, நான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். “அப்ப இப்ப வேண்டாம். அந்த அம்மா கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு விடுமுறை முடிந்து கிளம்பிவிட்டாள்.

அது ஐந்து வாரத்துக்கு முன்னால். நேற்று ராத்திரி ஒரு செய்தி வந்தது: “சித்தி, சனிக்கிழமை ஃப்ரீயா? அந்தப் படம்?” நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அவளுக்கு ஐந்து வாரம் போதும் போல. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கிறது.